பிறர் கை வைக்கத் தயாரா?

புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில், கடற்கரைக்கு அருகே இருக்கிறது 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். உலர்த்தி ஒட்டிய செடி மாதிரிகள் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளன. 2005-க்கும் 2008-க்கும் இடையில் இந்நிறுவனம், பிரான்சின் சிராத் வேளாண் ஆய்வு மையம் முதலியவற்றுடன் சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களைக் கணிப்பொறியின் உதவியால் இனங்காண வழி செய்தது. இலையின் வடிவம், கிளையில் அது அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் படம் பார்த்துத் தேர்ந்தால் போதும்; ஒத்துவரும் மரங்களைத் திரை வரிசைப்படுத்தும்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இதற்கு அடிப்படையான 'இதாவோ' மென்பொருள் மரங்களுக்காகப் பிறந்ததன்று. பயிர்களிடையே முளைக்கும் களைகளை இனங்காணச் சிராத் ஆய்வாளர்கள் செய்துகொண்டது. களைக்குச் செய்தது மரத்துக்கு எப்படிப் பயன்பட்டது? நிரல் வேறு, தாவரத் தகவல் வேறு என்று பிரிந்திருந்தால்தான் இது இயலும். 'இலையில் முள் உண்டா?' என்ற கேள்வியை நிரலுக்குள்ளேயே புதைத்து வைத்தால், ஒவ்வொரு புதுச் செடிக்கும் வீட்டை இடித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

ஒரு குழு தனக்காக எழுதிய மென்பொருளில் அதே நிறுவனத்தின் மற்றக் குழுக்களும் சேர்ந்து உழைப்பதற்கு 'இன்னர் சோர்ஸ்' என்று பெயர். 2000-இல் டிம் ஓ'ரெய்லி வழங்கிய சொல் இது. எந்த மென்பொருளையும் இப்படித் திறந்துவிடலாமா? கூடாது. வேறு குழுவுக்கு அது உண்மையிலேயே தேவைப்படுகிறதா என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து ஒரு சோதனை. உங்கள் குழுவைச் சாராத ஒருவரிடம் நிரலையும் விளக்கக் குறிப்பையும் மட்டும் கொடுங்கள். பக்கத்தில் அமர்ந்து உதவாதீர்கள். அவர் அதைத் தம் கணிப்பொறியில் ஓடவைத்து, சிறு திருத்தம் ஒன்று செய்து, பழைய வேலைகள் எதுவும் கெடவில்லை என்று தாமே உறுதி செய்ய முடிகிறதா? அவர் தயங்கி நின்ற இடங்களே நீங்கள் எழுத மறந்த பக்கங்கள். கெடவில்லை என்று அறியத் தானியங்கிச் சோதனைகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்தையும் மூல ஆசிரியரே கண்ணால் பார்த்துத் தீர்க்க வேண்டும்.

நிரலுக்குள் கடவுச்சொல் ஏதும் கிடந்தால், அழித்தது போதாது. 'கிட்' போன்ற பதிப்புக் காப்பகத்தின் பழைய பிரதிகளில் அது அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும்.

பலரும் மறப்பது ஆளைத்தான். வெளியிலிருந்து வரும் திருத்தத்தைப் படித்து, ஏற்பதையோ மறுப்பதையோ காரணத்துடன் சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு அவருடைய வேலை நேரத்தில் இடமும் ஒதுக்க வேண்டும். திருத்தம் அனுப்பியவர் வாரக்கணக்கில் பதிலின்றிக் காத்திருந்தால் மறுமுறை வரமாட்டார். தமக்கென ஒரு நகல் எடுத்துத் தனியே வளர்த்துக்கொள்வார். பிறகு ஒரே பிழையை இரண்டு இடங்களில் திருத்த வேண்டியதுதான்.