தொப்பியின் உட்புறம்

பழைய ஃபெல்ட் தொப்பி ஒன்று கைக்கு வந்ததும், அதன் நிறத்தையும் விளிம்பின் வளைவையும் ரிப்பனின் நேர்த்தியையும் நோக்கி, அவற்றைக் கொண்டே அதன் வயதையும் தரத்தையும் நிர்ணயித்துவிடுவது பெரும்பாலோர் வழக்கம். இந்த வழக்கம் பல சமயங்களில் ஏமாற்றத்தில் முடிகிறது. ஏனெனில் வெளித்தோற்றம் நாகரிகத்துக்குக் கட்டுப்பட்டது, ஒரு தலைமுறையில் மறைந்த நாகரிகமோ அடுத்த தலைமுறையில் மறுபடியும் தலையெடுக்கும் சுபாவம் உடையது. தொப்பியைக் கவிழ்த்து, நெற்றியைச் சுற்றி அமரும் தோல் பட்டையைப் பதறாமல் மெல்ல வெளிப்பக்கமாகத் திருப்பி, அதற்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவே பல ஆண்டுகளாகக் கிடக்கும் சிறு காகிதங்களை நிதானமாக வாசிக்கிறவனுக்கே அதன் மெய்யான சரித்திரம் புலப்படும். அணிந்தவனைப் பற்றி வெளிப்புறம் ஓரளவு சொல்லலாம். செய்தவனைப் பற்றிச் சொல்வது உட்புறமே.

ஃபெல்ட் என்பது தறியில் நெய்த துணியன்று. ஊசி கொண்டு பின்னியதுமன்று. வளர்ப்பு முயல், காட்டு முயல், பீவர் ஆகிய பிராணிகளின் மெல்லிய அடிமயிரை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வோர் இழையின் மீதும் நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். நெற்கதிரின் சுணை ஒரு திசையில் வழுக்கி எதிர்த்திசையில் பற்றிக்கொள்வதுபோல, இச்செதில்களும் ஈரம், உஷ்ணம், அழுத்தம் என்னும் மூன்றும் ஒருங்கே சேரும்போது ஒன்றையொன்று பற்றிப் பிரிக்க இயலாதபடி பிணைந்துவிடுகின்றன. ஆலையில், துளைகள் நிறைந்த பெரிய செம்புக் கூம்பு ஒன்று சுழன்றுகொண்டிருக்க, அதன் உள்ளிருந்து காற்றை உறிஞ்சுவதனால் மேலே தூவப்படும் மயிர் மெல்லிய படலமாக அதன் மீது படிகிறது. வெந்நீர் தெளித்து அந்தப் படலத்தைக் கழற்றினால், தலைக்கு வேண்டிய அளவைவிட மிகப் பெரியதும் தொட்டாலே கிழியக்கூடியதுமான ஒரு கூம்பு கிடைக்கும். அதனை வெந்நீரில் நனைத்து, சுருட்டி, உருட்டி, அழுத்தி, அதே கிரியையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அது சுருங்கிக் கெட்டிப்பட்டு, மழையையும் காற்றையும் தாங்கும் பதார்த்தமாகிறது.

ஆட்டுரோமத்தாலும் ஃபெல்ட் செய்வதுண்டு. விலை மலிவு, ஆனால் அது விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதோடு, நனைந்தால் தொய்ந்து சுருங்கும். மயிர் ஃபெல்ட்டோ மெல்லியதாயினும் இறுக்கமானது. விளிம்பைச் சிறிது வளைத்து விட்டால் தன் நிலைக்குத் தானே திரும்பும். பீவர் மயிர் கலந்தது எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கப்பட்டது. அமெரிக்கத் தொப்பிகளின் தோல் பட்டையில் தரத்தைக் குறிக்க 3எக்ஸ், 4எக்ஸ் என்று பொறித்திருப்பார்கள். ஆயினும் இந்த எக்ஸ் குறிகளுக்கு எல்லா ஸ்தாபனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரே ஸ்தாபனத்திலும் காலப்போக்கில் அவற்றின் மதிப்பு இறங்கியிருக்கிறது. ஆகையால் பழைய 3எக்ஸ் தொப்பி, பின்னாளில் வந்த பெரிய எண்ணுடைய தொப்பியைவிட உயர்ந்ததாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

இத்தகைய தொப்பிகள் பிறந்த ஊர்களுள் இங்கிலாந்தின் லூட்டனும், 1857இல் ஜியுசெப்பே போர்ஸலீனோ தம் தொழிற்சாலையைத் தொடங்கிய இத்தாலியின் அலெஸ்ஸாந்திரியாவும், 1865இல் ஜான் ஸ்டெட்ஸன் தொழில் தொடங்கிய பிலடெல்ஃபியாவும் பெயர் பெற்றவை. ஆனால் தொப்பியின் உட்புறத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறவன் முதலில் அறியவேண்டிய ஊர், அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்திலுள்ள டான்பரி. தொப்பித் தொழிலையே ஜீவனமாகக் கொண்டிருந்த அவ்வூரில், மயிரிழைகள் எளிதில் பிணைவதற்காகத் தோலின் மீது பாதரச நைட்ரேட் கரைசலைத் தடவுவார்கள். மயிரின் நுனிகள் அதனால் காரட் நிறம் அடையும். பிறகு அந்த மயிரைக் காய்ச்சும்போதும் ஆவியில் வேகவைக்கும்போதும் எழும் பாதரசப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கைநடுக்கமும் மனச்சஞ்சலமும் உண்டாயின. ‘டான்பரி நடுக்கம்’ என்று ஊரின் பெயராலேயே அந்த வியாதி வழங்கப்பட்டது. தீமை நெடுங்காலமாகத் தெரிந்திருந்தும், 1941 டிசம்பரில்தான் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசத்துக்கு முடிவு கட்டப்பட்டது.

அந்தத் தொழிலாளர்கள் தங்களுக்கென ஏற்படுத்திக்கொண்ட பாதுகாப்புகளில் ஒன்றே தோல் பட்டைக்குப் பின்னால் இன்றும் அகப்படுகிற சங்கச் சீட்டு. ஓரமெல்லாம் துளைப்பற்கள் கொண்ட அந்தச் சிறு காகிதம், நியாயமான கூலியும் வேலை நிபந்தனையும் உள்ள ஆலையில் இந்தத் தொப்பி செய்யப்பட்டது என்பதற்கு அத்தாட்சி; அது இல்லாத தொப்பியை வாங்காதீர்கள் என்று சங்கத்தார் நாடெங்கும் பிரசாரம் செய்தார்கள். 1902இல் டான்பரியின் லோவி என்னும் உற்பத்தியாளர் சங்கத்தை அங்கீகரிக்க மறுக்கவே, வேலைநிறுத்தமும் பகிஷ்காரமும் தொடர்ந்தன. அவர் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் சங்கத்துக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தது. 1915இல் நஷ்டஈடும் உறுதியாகி, எளிய தொழிலாளர்களின் வீடுகளும் வங்கிச் சேமிப்புகளும் ஜப்தி அபாயத்துக்கு உள்ளாயின. அவ்வளவு விலை கொடுத்துக் காத்த சீட்டு அது.

வயதை நிர்ணயிப்பதற்கும் அதைப்போன்ற சாட்சி அரிது. ‘வட அமெரிக்க ஐக்கியத் தொப்பித் தொழிலாளர்’ என்ற பெயர் சீட்டில் இருந்தால், அச்சங்கம் அமைந்த 1896க்கும், வேறொரு சங்கத்தோடு அது இணைந்த 1934க்கும் இடைப்பட்ட காலத்தது எனக் கொள்ளலாம். இணைப்புக்குப் பின் குல்லாய்த் தொழிலாளரையும் பெண்களுக்கான தொப்பி செய்பவரையும் சேர்த்துக் கூறும் நீண்ட பெயர் அச்சிடப்பட்டது. சீட்டு இல்லாமையால் மட்டும் எதையும் முடிவு செய்யலாகாது. அது உதிர்ந்தும் போயிருக்கலாம், சங்கம் இல்லாத ஆலையில் தொப்பி பிறந்தும் இருக்கலாம்.

மற்றச் சாட்சிகளையும் கூட்டி விசாரிக்கவேண்டும். அமெரிக்கக் கடையின் விலாசம் உட்துணியிலோ பெட்டியிலோ இருந்து, நகரத்தின் பெயரை அடுத்து ஒன்றிரண்டு இலக்கத் தபால் வட்ட எண் காணப்பட்டால் அது 1943க்குப் பிற்பட்டது. ஐந்திலக்க எண் இருந்தால் 1963க்குப் பிற்பட்டது. ஸ்டெட்ஸனின் பிலடெல்ஃபியா ஆலை 1971இல் மூடப்பட்ட பின்னும் அப்பெயர் வேறு ஆலைகளின் தொப்பிகளில் தொடர்ந்தமையால், பெயரை மட்டும் நம்புவது பிரயோஜனமில்லை. அளவுச் சீட்டும் பேசும்: 58 என்று சென்டிமீட்டரில் இருப்பது ஐரோப்பியக் கண்டத்து வழக்கம், அதே தலைக்கு அமெரிக்கர் 7¼ என்றும், ஆங்கிலேயர் 7⅛ என்றும் எழுதுவார்கள். இவ்வளவும் ஆராய்ந்த பிறகு வெளித்தோற்றத்துக்கு வந்தால் அதுவும் பயன்படும். 1930, 1940களில் அகன்ற விளிம்பும் அகன்ற ரிப்பனும் விரும்பப்பட்டன. 1960களில் இரண்டும் குறுகின. ரிப்பனைச் சுற்றி மெல்லிய கயிறும் அதன் நுனியில் சிறு பொத்தானும் இருந்தால், காற்றடிக்கும் நாளில் கோட்டின் பொத்தான் துளையில் மாட்டிக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது என்று அறியலாம்.

இனிப் பராமரிப்பு. தொப்பியின் உச்சியை முன்புறம் கிள்ளித் தூக்குவதே அதற்கு நேரும் முதல் தீங்கு. நாளடைவில் அந்த மடிப்பில் ஃபெல்ட் பிளந்துவிடும். இரு கைகளாலும் விளிம்பைப் பற்றி எடுப்பதே முறை. வைக்கும்போது உச்சி கீழே இருக்குமாறு கவிழ்த்து வைத்தால் விளிம்பு தட்டையாகாது. தூசியை மென்மையான குதிரைமயிர் பிரஷினால், மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், மயிர் படிந்த போக்கிலேயே துடைக்கவேண்டும். கறுப்புத் தொப்பிக்கு ஒன்றும் வெளிர்நிறத்துக்கு வேறொன்றுமாக இரண்டு பிரஷ்கள் வைத்துக்கொள்வது நலம். மழையில் நனைந்தால் தோல் பட்டையை வெளியே திருப்பிவிட்டு, நிழலில் தானாக உலர விடவேண்டும். அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தால் தோல் சுருங்கி, தொப்பியின் அளவே குறைந்துபோகும். புதிய எண்ணெய்க் கறையின் மீது சோளமாவைத் தூவி, சில மணி நேரம் கழித்துத் துடைத்தால் பெரும்பகுதி நீங்கும்.

ஃபெல்ட்டை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சியன்று, அதன் புழு. சந்தேகம் தோன்றினால் தொப்பியைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் அறையின் உஷ்ணத்துக்கு அது வரும்வரை பையைப் பிரிக்காமல் இருப்பது சிறந்த உபாயம். உருக்குலைந்த தொப்பியைக் கெட்டிலின் ஆவியில் காட்டித் திருத்துவது பலரும் செய்வதுதான். ஆயினும் பாதரசம் உபயோகித்த காலத்துத் தொப்பியில் அந்த விஷத்தின் சேஷம் இன்னும் இருக்கக்கூடும் என்பதால், அதை ஆவியிலோ சூட்டிலோ காட்டாமல், ஜன்னல் திறந்த இடத்தில், கையுறை அணிந்து கையாண்டு, பிறகு கைகளைக் கழுவிக்கொள்வதே விவேகம்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, பழைய தொப்பியைப் புதியதுபோல் ஆக்கவேண்டும் என்ற ஆசையை அடக்கவேண்டும். வெடித்த தோல் பட்டையை மாற்றியே தீரவேண்டுமானால், கழற்றுமுன் உட்புறம் முழுவதையும் படம் எடுத்து, பழைய தையல் துளைகளின் வழியாகவே புதியதைத் தைத்து, பழைய பட்டையையும் அளவுச் சீட்டையும் சங்கச் சீட்டையும் அமிலமற்ற காகித உறையிலிட்டு அந்தத் தொப்பியோடு சேர்த்தே பாதுகாக்கவேண்டும். மங்கிய ரிப்பனை மாற்றினால் அழகு திரும்பும். கிழித்தெறிந்த சீட்டு திரும்பாது. தொப்பியை விற்ற கடைக்காரனும் அணிந்த கனவானும் தங்கள் பெயரைப் பொன்னெழுத்தில் உட்பட்டையில் பொறித்துக்கொண்டார்கள். அதைச் செய்து கைநடுங்கிய தொழிலாளிக்கோ அந்தச் சீட்டைத் தவிர வேறு கையொப்பம் இல்லை.