பழைய எண், புதிய எண்: ஐபி வெர்ஷன் 6-க்கு மாற வேண்டுமா?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருக்கிறீர்கள். கடையில் கேமரா மாட்டியாயிற்று. கடை மானிட்டரில் படம் பளிச்சென்று தெரிகிறது. வீட்டிலிருந்து கடையின் ஐபி முகவரியைக் கொடுத்துப் பார்த்தால் மட்டும் கிடைப்பதில்லை. கேமராவில் கோளாறா? பெரும்பாலும் இல்லை. உங்கள் கடைக்கென்று தனி முகவரியே இருக்காது!

இன்டர்நெட்டில் இணையும் கருவிக்கு ஓர் எண் முகவரி வேண்டும். 1981ல் வரையறுக்கப்பட்ட ஐபி வெர்ஷன் 4, 32 பிட் நீளமுள்ளது. மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். அன்று அது கடல் போலத் தெரிந்தது. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பு தீர்ந்தது. ஏப்ரலில் ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் அமைப்பும் கடைசித் தொகுப்பிலிருந்து அளந்து கொடுக்கத் தொடங்கியது.

எனவே இணைப்பு தரும் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. நேட் என்ற ஏற்பாடு இதுதான். ஒரு தெருவுக்கே ஒரே கதவு எண் கொடுத்தது போல! நீங்கள் வெளியே போகலாம்; உங்களைத் தேடி வருபவருக்கு வழி தெரியாது.

வெர்ஷன் 6 முகவரி 128 பிட். அதில் உள்ள முகவரிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும்.

நம் தொலைத்தொடர்புத் துறை 2010லேயே இதற்கான திட்டத்தை வெளியிட்டது. 2016ல் ஜியோ வந்த பிறகு மொபைல்களில் வெர்ஷன் 6 வேகமாகப் பரவியது. இன்று இதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று. தயங்கி நிற்பவை அலுவலகங்களும் கல்லூரிகளும்தான். காரணமும் உண்டு. இரண்டு வெர்ஷன்களும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. ஆகவே இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டும். நம் ஊர் வீட்டுச் சுவர்களில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வைப்பதில்லையா, அதுபோல! இதனால் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்கு இரட்டை வேலை. ஃபயர்வால் விதிகளை இரண்டுக்கும் எழுத வேண்டும். பழையதற்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டுப் புதிய கதவைத் திறந்து வைத்தால் ஆபத்து.

அப்படியும், மாறத்தான் வேண்டும் என்பேன். ஆனால் நன்றாக ஓடும் ரவுட்டரை இன்றே தூக்கி எறிய வேண்டாம். அடுத்த முறை ரவுட்டர், கேமரா, வெப்சைட் இடம் எது வாங்கினாலும், "வெர்ஷன் 6 உண்டா?" என்று கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வீட்டு இணைப்பைச் சோதிக்க, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று டைப் செய்து, திறக்கும் கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஆங்கிலத்தில் கொடுங்கள். வெர்ஷன் 6 வரியில் 2 என்று தொடங்கும் முகவரி இருந்தால் புதிய எண் வந்துவிட்டது. எஃப்இ80 என்று தொடங்குவது மட்டும் இருந்தால் அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். இணைப்பு தந்தவருக்கு ஒரு போன் போடுங்கள்.