பல்கலைக்கழகம் புகும் மலையகப் பிள்ளைகளும் எழுதப்படாத ஆய்வுகளும்

ஆண்டுதோறும் க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, சில மாதங்கள் சென்றபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளிகளை அறிவிக்கும் காலத்தில், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் பாடசாலை வாயில்கள்தோறும் தெரிவானவர்களின் படங்களோடு பதாகைகள் எழும்புகின்றன. பத்திரிகைகளில் வாழ்த்துரைகள் இடம்பெறுகின்றன. தோட்டத்துக் கோயிலில் ஒரு பூசையும் நடந்தேறுகிறது. அந்த மகிழ்ச்சி முற்றிலும் நியாயமானது. எனினும், பதாகையில் இருக்கும் அந்த நான்கைந்து முகங்களோடு ஆறாம் தரத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த ஏனைய பிள்ளைகள் எந்த வகுப்பில், எந்தக் காரணத்தால் நின்றுபோனார்கள் என்று கேட்டால், ஆதாரத்தோடு விடை கூறும் ஆய்வுக் கட்டுரைகள், அதுவும் தமிழில் எழுதப்பட்டவை, நம் கைக்கு எட்டுவது அரிதாகவே இருக்கிறது.

உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்வை ஆராய்வது உலகில் தனித்ததொரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரியில் அனுமதிப் பொறுப்பாளராக இருந்த ஜாக் மகுவயர் 1976ஆம் ஆண்டில், மாணவரை ஈர்ப்பது, உதவிப்பணம் அளிப்பது, இடைவிலகாமல் காப்பது ஆகியவை தனித்தனிக் காரியங்கள் அல்ல, ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று எழுதியதிலிருந்து அத்துறைக்கு ஓர் உருவம் கிடைத்தது. அதற்கு ஓராண்டு முன்பே, வின்சென்ட் டின்டோ என்ற அறிஞர், மாணவர் இடைவிலகலைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டு, கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளை அங்கே தங்குவதும் நீங்குவதும் அந்த நிறுவனத்தின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் அப்பிள்ளை எவ்வளவு தூரம் ஒன்றுகிறது என்பதைப் பொறுத்தது என்று வாதித்தார். அங்கே கல்லூரிகள் மாணவரைத் தேடுகின்றன. இங்கோ மாணவர் இடத்தைத் தேடி நிற்கிறார்கள். ஆகையால் அவர்களது கோட்பாடுகளை அப்படியே எடுத்து மலைநாட்டின் மீது போர்த்துவது பிரயோசனப்படாது. ஆயினும் சேர்வு என்பது ஒருநாட் சம்பவமன்று, பல ஆண்டுகள் நீளும் ஒரு பாதை என்ற அவர்களது பார்வை நமக்கு மிகவும் வேண்டியதாகும்.

இலங்கையில் இந்தப் பொருள் எவ்வளவு கனமானது என்பதைச் சரித்திரம் அறிந்தவர்கள் உணர்வார்கள். 1971இல் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகள் பெறவேண்டும் என்றும் சிங்களமொழி மாணவருக்கு 227 போதும் என்றும் ஏற்பட்ட நிலையும், அதையடுத்து வந்த தரப்படுத்தலும், 1974இல் புகுந்த மாவட்ட ஒதுக்கீடும் இந்நாட்டின் அரசியலையே திசைதிருப்பின. அந்த விவகாரம் கொதித்துக் கொண்டிருந்த 1974ஆம் ஆண்டிலேயே, பேராதனையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வுச் சஞ்சிகையில் வரலாற்றாசிரியர் சி.ஆர். டி சில்வா, பீடம் பீடமாக, மொழி மொழியாக எண்களைத் திரட்டி ஒரு கட்டுரை எழுதினார். மேடைகளில் அன்று முழங்கப்பட்ட பேச்சுகள் பெரும்பாலும் மறந்து போயின. அந்தக் கட்டுரையோ இன்றும், இரு தரப்பாராலும், மேற்கோள் காட்டப்படுகிறது. ஆய்வுக் கட்டுரை என்பதன் பலம் இதுதான்.

இன்றைய விதிப்படி, பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதியிற் பின்தங்கியவை என ஏற்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பதினாறில் அடங்கும். இதைக் கொண்டு தோட்டத்துப் பிள்ளைக்குச் சலுகை கிடைத்துவிட்டதாக முடிவுகட்டுவது பெரும் பிழை. ஏனெனில் கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டையிலும் கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டையிலும் அதே லயத்து அறையில், அதே கொழுந்துக் கூடையின் வருமானத்தில் வளரும் பிள்ளைக்கு அந்த 5 வீதத்தில் பங்கில்லை. மறுபுறம், நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே ஹட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. நகரத்து வசதியான பாடசாலையும், சிங்களக் கிராமத்துப் பாடசாலையும், தேயிலை மலைக்கு நடுவே விஞ்ஞான ஆசிரியர் இன்றித் தவிக்கும் பாடசாலையும் ஒரே மாவட்டத்தின் கணக்கில் கலந்துவிடுகின்றன. வெளிமாவட்ட மாணவர் இங்கு வந்து பரீட்சை எழுதுவது பற்றிய முறைப்பாடும் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. மாவட்ட எண்ணை மட்டும் பார்த்து எழுதப்படும் கட்டுரை தோட்டத்துப் பிள்ளையைக் காணாமலே போய்விடும்.

மாவட்ட எண்ணை விட்டு, புள்ளிவிபரங்களில் இனத்தைக் குறிக்கும் நிரலை நம்பலாமா என்றால் அதிலும் சிக்கல் உண்டு. இந்தியத் தமிழர் என்று பதியப்பட வேண்டியவர் பலர் இலங்கைத் தமிழர் என்று தம்மைப் பதிந்துகொள்வது மலையகத்தில் எல்லாரும் அறிந்த விஷயம்; அதற்கு 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் முதலாக வந்த கசப்பான காரணங்களும் உண்டு. ஆகவே ஆய்வாளர் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே, தோட்டத்துப் பிள்ளை என்று யாரைக் கொள்கிறோம், பிறப்பைக் கொண்டா, வதிவிடத்தைக் கொண்டா, படித்த பாடசாலையைக் கொண்டா என்பதைத் தெளிவாக வரையறுக்க வேண்டும். இந்த ஒரு பந்தி சரியாக அமைந்தால் கட்டுரையின் பாதி சிரமம் தீர்ந்தது.

இனி ஆதாரம். பழைய தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும், அதிபரின் அலுமாரிக்குள், தடித்த அட்டையிட்ட சேர்விடாப்பு ஒன்று இருக்கும். அதில் சேர்வு இலக்கம், பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயர், தொழில், தோட்டமும் டிவிசனும், முன்பு படித்த பாடசாலை, விலகிய திகதி, விலகிய காரணம் என்று நிரல்கள் ஓடும். தொழில் என்ற நிரலில் மேலிருந்து கீழ்வரை தொழிலாளி, தொழிலாளி என்றே எழுதியிருக்கும். விலகிய காரணம் என்ற நிரலில்தான் ஒரு சமூகத்தின் கதை ஒளிந்திருக்கிறது. பிள்ளை வேறு தோட்டம் போனதா, கொழும்புக்குக் கடைவேலைக்குப் போனதா, தாய் வெளிநாடு சென்றதால் தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றதா என்பதை அந்தக் குறுகிய கட்டத்துக்குள் ஆசிரியர் எழுதிய இரண்டு சொற்கள் சில வேளைகளில் கூறும். பல வேளைகளில் அந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கும். 1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்துக்குப் புறம்பே தோட்டப் பாடசாலைகள் நீண்டகாலம் கிடந்து, 1970களிலேயே அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்றது என்பதை நினைத்தால், இந்த இடாப்புகளின் அருமை புலப்படும். லண்டன் பல்கலைக்கழகத்து அறிஞர் ஏஞ்சலா லிற்றில் 1999இல் தோட்டக் கல்வியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார். கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோ. சந்திரசேகரன் போன்றோர் தமிழில் தொடர்ந்து எழுதினார்கள். அவர்கள் போட்ட பாதையில் அடுத்தடுத்துப் பிரயாணிகள் வரவேண்டும்.

எழுதும்போது நேரும் குறை பெரும்பாலும் ஒரே விதமானது. மலையக மாணவர் பல்கலைக்கழகம் செல்வது மிகக் குறைவு என்று ஒரு வாக்கியத்தைப் பட்டதாரி எழுதிவிடுகிறார். கட்டுரையைப் பரிசீலிக்கும் அறிஞர் உடனே கேட்பார்: எந்த ஆண்டில்? யாரோடு ஒப்பிட்டு? பரீட்சை எழுதியவருள் குறைவா, அன்றி அந்த வயதுப் பிள்ளைகள் அனைவருள்ளும் குறைவா? எல்லாத் துறைகளிலுமா, விஞ்ஞானத்திலும் கணிதத்திலுமா? இக்கேள்விகளை ஏற்று, குறித்த ஒரு வலயத்தில், குறித்த ஓராண்டில் ஆறாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளுள் உயர்தரம் வரை வந்தவர் எத்தனை பேர், அவர்களுள் விஞ்ஞானப் பிரிவு கிடைத்தவர் எத்தனை பேர், இசட் புள்ளி போதுமாயிருந்தும் விண்ணப்பிக்காதவர் எத்தனை பேர் என்று அந்த வாக்கியத்தைப் பிரித்து எழுதினால், புலம்பலாக நின்றது அறிவாகிவிடுகிறது. இசட் புள்ளியைப் பற்றிக்கூட வாசகருக்கு ஒரு வரி விளக்கம் வேண்டும்: ஒரு பாடத்தில் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை, நியம விலகலால் வகுத்துக் காணும் அளவு அது, 2001 முதல் நடைமுறையிலிருப்பது.

ஆய்வு வேலையை ஆரம்பிக்குமுன் மாகாணக் கல்வித் திணைக்களத்திலும் வலயக் கல்வி அலுவலகத்திலும் எழுத்துமூல அனுமதியும், பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் சம்மதமும் பெறுவது இன்றியமையாதது. பிள்ளையின் பெயரையோ, அவரை இன்னாரென்று காட்டிவிடும் விபரத்தையோ அச்சேற்றலாகாது. ஒரு சிறிய டிவிசனில் வைத்தியத்துறைக்குத் தெரிவான ஒரே பிள்ளை என்று எழுதினாலே போதும், ஊர் முழுதும் அடையாளம் கண்டுவிடும். பட்டத்துக்காகச் சமர்ப்பித்த ஆய்வேட்டை அப்படியே சுருக்கிக் கட்டுரையாக்கவும் கூடாது. இருநூறு பக்க ஏட்டிலிருந்து ஒரு கேள்வியை மட்டும் எடுத்து, அதற்கான ஆதாரத்தை மட்டும் வைத்து, புதிதாக எழுத வேண்டும்.

அனுப்பும் இடத்தையும் ஆராய்ந்து தெரிய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தின் ‘சிந்தனை’ போன்ற தமிழ் ஆய்வுச் சஞ்சிகைகள் நமக்கு உண்டு. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் பிரசுரிப்பதாக மின்னஞ்சலில் ஆசை காட்டும் போலிச் சஞ்சிகைகளை நாட வேண்டாம். அவற்றில் வெளிவந்த கட்டுரையால் ஆசிரியருக்கும் கௌரவமில்லை, சமூகத்துக்கும் பயனில்லை. பரிசீலகரின் கண்டிப்பான குறிப்புகளைக் கண்டு மனமுடைந்து கட்டுரையைக் கிடப்பில் போடுவோர் பலர். அக்குறிப்புகளுக்கு ஒவ்வொன்றாக, பணிவோடும் உறுதியோடும் பதில் எழுதித் திருத்தி அனுப்புவதே பிரசுரத்தின் வழி.

பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் கல்வி பெற்று, தோட்டத்துக் கல்வியைப் பற்றி ஆய்வேடு சமர்ப்பித்துவிட்டு இன்று ஆசிரியர்களாகவும் அதிகாரிகளாகவும் இருக்கும் மலையகப் பட்டதாரிகளிடம் ஒரு வேண்டுகோள்: அந்த ஏட்டை அலுமாரியிலிருந்து எடுத்து, அதிலுள்ள ஒரு நல்ல கேள்வியை இவ்வருடமே கட்டுரையாக்கி அனுப்புங்கள். அதிபர்களிடம் மற்றொன்று: பழைய சேர்விடாப்புகளை ஈரத்துக்கும் செல்லுக்கும் இரையாக்காமல் காத்து, முறையான அனுமதியோடு வரும் ஆய்வாளருக்குத் திறந்து காட்டுங்கள்.