கிட்டார் கத்துக்க ஆசையா? முதல்ல மணிக்கணக்கு போடுங்க!

சம்பளம் வர ஆரம்பிச்சதும் பலருக்கு வர்ற ஆசை: "ஸ்கூல் படிக்கும்போது முடியல, இப்பவாவது கிட்டார் கத்துக்கணும்." நல்ல ஆசைதான். ஆனா முதல் கிளாஸுக்குப் போறதுக்கு முன்னாடியே 25,000 ரூபாய் கிட்டாரை இஎம்ஐ-ல வாங்கிடறாங்க. அங்கதான் கணக்கு இடிக்குது.

புதுசா கிட்டார் எடுக்கறவங்கள்ல சுமார் 90% பேர் முதல் வருஷத்துக்குள்ளயே விட்டுடறாங்க. இதைச் சொன்னது ஃபெண்டர் கிட்டார் கம்பெனியோட சிஇஓ-வா இருந்த ஆண்டி மூனி. விக்கறவரே சொல்றார்!

விலை இல்ல, மணிக்கு எவ்வளவு?

25,000 ரூபாய் கிட்டாரை 10 மணி நேரம் வாசிச்சுட்டு மூலையில வெச்சா, மணிக்கு 2,500 ரூபாய் செலவு. 8,000 ரூபாய் கிட்டாரை தினம் 20 நிமிஷம்னு 300 நாள் வாசிச்சா 100 மணி நேரம். மணிக்கு வெறும் 80 ரூபாய்.

ரொம்ப மலிவும் வேண்டாம்

ஆரம்பத்துல படுத்தறது விரல் வலி. ஸ்டீல் கம்பியை அழுத்தற விரல் நுனி மரத்துப்போக சில வாரம் ஆகும். கம்பி ரொம்ப உயரத்துல இருந்தா வலி இன்னும் ஜாஸ்தி. மட்டமான கிட்டார்ல இது சகஜம். வாங்கும்போதே, "ஆக்‌ஷனைக் குறைச்சு செட்டப் பண்ணிக் கொடுங்க"ன்னு கேளுங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ?

பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரர் தள்ளுபடி தருவார். ஆனா கிரெடிட் கார்டுல அந்த வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி-யும், ப்ராசஸிங் ஃபீஸும் உங்க தலையிலதான்.

அப்போ என்ன பண்ணலாம்?

1. முதல் 3 மாசம் நண்பரோட கிட்டார், இல்லன்னா செகண்ட் ஹேண்ட். ஜி, சி, டி, ஈ மைனர்: இந்த நாலு கார்டும் தடுமாறாம மாறணும். அதுதான் டார்கெட்.

2. கிளாஸ் ஃபீஸ் மாசம் 2,000 ரூபாய்னா வருஷத்துக்கு 24,000. 8,000 ரூபாய் கிட்டாரை விட இதுதான் பெரிய செலவு. டிஸ்கவுண்ட்னு சொன்னாலும் மொத்தமா கட்டாம, மாசா மாசம் கட்டுங்க.

3. 25,000 ரூபாய் கிட்டார்தான் கனவா? மாசம் 2,000 ரூபாய் ஆர்டி போடுங்க. 12 மாசத்துல வட்டியோட கிட்டத்தட்ட அந்தத் தொகை வந்துடும். அப்பவும் வாசிச்சிட்டு இருந்தா ரொக்கமா வாங்குங்க. விட்டுட்டீங்களா? பணமாவது பத்திரமா இருக்கும்.

பொழுதுபோக்குக்குச் செலவு பண்றது தப்பே இல்ல. வாசிக்காத கிட்டாருக்கு 12 மாசம் தவணை கட்டறதுதான் வலிக்கும்!