காற்றுத் துப்பாக்கியில் தொலைநோக்கி பொருத்தும் முறை

கண்ணாற் காண்பதும் கையாற் செய்வதும் ஒருவழிப்பட்டாலன்றி எத்தொழிலும் செவ்விதின் முடியாது. கொத்தனார் சுவரெழுப்புங்கால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பதும், தச்சர் நிலை நிறுத்துங்கால் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் இவ்வுண்மையை உட்கொண்டேயாம். காற்றுத் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்துதலும் இவ்வகைத் தொழில்களுள் ஒன்று. எம் செட்டிநாட்டு ஊர்களில் இக்கருவியை வாங்கும் இளைஞர் சிலர், தொலைநோக்கியைக் கண்ட இடத்தில் வைத்துத் திருகி இறுக்கிவிட்டுக் குறி தவறியவழிக் குண்டின்மேற் பழிபோடுகின்றனர். கடைக்காரரை நாடாமலே, வீட்டிலுள்ள சில எளிய பொருள்களைக் கொண்டு இதனைத் திருத்தமாகச் செய்துகொள்ளலாம். அம்முறையினை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

கருவியை மட்டப்படுத்துதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு நம் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையின் அருகே அடிக்கோடு அளந்து, இந்தியப் பெருநில அளவையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயர். கோணம் அளத்தற்கு அவர் கொண்டிருந்த தியோடலைட்டு என்னும் தொலைநோக்கிக் கருவி ஏறக்குறைய அரை டன் எடையுடையது. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அதனை ஏற்றுங்கால் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அளவுகோடுகள் பொறித்த வட்டம் நெளிந்துபோயிற்று. கண்ணாடி எத்துணைத் தெளிவாயினும் வட்டம் கோணின் அளவை பிழைபடும் என்றுணர்ந்த லாம்டன், கூடாரத்தினுள் தனித்திருந்து, ஆப்பும் திருகும் கொண்டு, தம் கையாலேயே அதனைப் பலநாள் முயன்று செப்பனிட்டார். அவர் 1823ஆம் ஆண்டில் இறந்த பின்னரும் அவ்வளவை தொடர்ந்து இமயம் வரை சென்றது. சிறு துப்பாக்கியின் மேலுள்ள சிறு தொலைநோக்கிக்கும் இந்நீதியே பொருந்தும்.

முதற்கண், தொலைநோக்கி சாய்ந்திருந்தால் வரும் கேடு யாதென ஆராய்வோம். விநாடிக்கு 200 மீட்டர் வேகத்திற் செல்லும் ஈயக்குண்டு 10 மீட்டரைக் கடக்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். அச்சிறுபொழுதிலும் நிலவுலகின் ஈர்ப்பால் அது சுமார் 12 மில்லிமீட்டர் தாழ்கின்றது. 30 மீட்டர் செல்லக் காலம் மும்மடங்காகும். வீழ்ச்சியோ காலத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுமாதலின் ஒன்பது மடங்காகி, ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் ஆகும். காற்றின் தடையையும் கணக்கிட்டால் இன்னும் சிறிது மிகும். இவ்வீழ்ச்சி என்றும் நேர்கீழாகவே நிகழ்வது. அதனை ஈடுசெய்யத் தொலைநோக்கியின் திருகைத் திருப்பிக் குறியை உயர்த்துகின்றோம். தொலைநோக்கியின் உள்ளே தெரியும் குறுக்கிழை 3 பாகை சாய்ந்திருப்பின், குறியும் அச்சாய்ந்த வழியே ஏறும். 11 சென்டிமீட்டர் உயர்த்தினால் பக்கவாட்டில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் விலகும். 10 மீட்டரில் நடுப்புள்ளியைத் துளைத்த துப்பாக்கி 30 மீட்டரில் ஒருபுறம் ஒதுங்குதற்கு இஃதொரு காரணம். சுடுவோன் குறுக்கிழையை நிமிர்த்திப் பிடிக்கக் கருதித் துப்பாக்கியையே சாய்த்துப் பிடிப்பானாயின், சுடுகுழல் பார்வைக்கோட்டினின்று பக்கத்தே ஒதுங்கிவிடும். அப்பொழுதும் குறி செய்த தூரத்திற்கு முன்னும் பின்னும் பிழை நேரும்.

இனி, செய்முறையைக் காண்போம். துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் அதனுள் குண்டில்லை என்பதைக் கண்ணாற் கண்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். "இல்லை என்றே நினைத்தேன்" என்னும் சொல்லால் மீளா உயிர்கள் பல. வேலை முடியுமளவும் குண்டுப்பெட்டி அறைக்கு வெளியே இருத்தல் நன்று. குழலின் வாய் ஒருவரையும் நோக்குதலாகாது.

துப்பாக்கியின் முதுகில் நீளவாக்கில் இரண்டு காடிகள் வெட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் 11 மில்லிமீட்டர் அகலமுடைய இவ்விடத்தையே வளையங்களின் அடிப்பகுதி கவ்விக்கொள்ளும். காடிகளையும் வளையங்களின் உட்புறத்தையும் எண்ணெய்ப் பசையறத் துணியால் துடைத்தல் வேண்டும். பசை இருப்பின் எத்துணை இறுக்கினும் வழுக்கும். தொலைநோக்கிகளின் உடற்குழாய் 25.4 மில்லிமீட்டராகவேனும் 30 மில்லிமீட்டராகவேனும் இருக்கும். வளையமும் அதே அளவினதாதல் வேண்டும். முன்கண்ணாடி சுடுகுழலைத் தொடாத அளவுக்கு வளையம் உயர்ந்திருந்தாற் போதும். அதனினும் உயர்ந்தால் கன்னம் கட்டையிற் படியாது.

வில்லாற் சுடும் காற்றுத் துப்பாக்கியைப் பற்றி ஈண்டு ஒன்று சொல்லுதல் கடன். வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி உதைப்பது. இதுவோ முதலிற் பின்னோக்கி உதைத்து, உள்ளே உந்துதண்டு சென்று நின்றவுடன் முன்னோக்கியும் அதிர்கின்றது. இவ்விருவழி அதிர்ச்சியைத் தாங்குமாறு செய்யப்படாத தொலைநோக்கி, விலையுயர்ந்ததாயினும் உள்ளே உடைந்துபோகும். அதிர்ச்சியால் வளையமும் பின்னோக்கி ஊர்ந்துவரும். இதனைத் தடுக்கும் பொருட்டுத் துப்பாக்கியின் முதுகில் ஒரு சிறு துளையும், வளையத்தின் அடியில் ஒரு முளையும் அமைத்திருப்பர். அம்முளையைத் துளையிற் பொருத்திய பின்னரே அடித்திருகுகளை இறுக்குதல் வேண்டும்.

அடுத்து, தொலைநோக்கியை வளையங்களில் இட்டு, மேல்வளையத்தைத் தளர்வாக மூடுக. வெள்ளைச் சுவரை நோக்கி, குறுக்கிழை கறுத்துத் தெளிவாய்த் தெரியும்வரை கண்பக்கத்து வளையத்தைத் திருப்புக. உருப்பெருக்கத்தை மாற்றக்கூடிய கருவியாயின் அதனை மிகுதியில் வைத்துக்கொள்க. பின்னர்க் கண்களை மூடி, இயல்பாகக் கன்னத்தைக் கட்டையிற் சாய்த்து, அதன்பின் கண்ணைத் திறக்க வேண்டும். காட்சி முழுவட்டமாய்த் தெரிந்தால் தொலைநோக்கி உரிய இடத்தில் உள்ளது. விளிம்பிற் கரிய நிழல் படிந்தால் முன்னும் பின்னும் நகர்த்துக. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே மூன்று அல்லது மூன்றரை அங்குலம் இருத்தல் பொதுவியல்பு. கழுத்தை நீட்டியும் ஒடுக்கியும் கருவிக்கு நாம் இணங்குதல் முறையன்று. கருவியே நமக்கு இணங்க வேண்டும்.

நிற்க. இப்பொழுதே மட்டப்படுத்தும் வேலை வருகின்றது. துப்பாக்கியை மேசைமீது மணற்பைகளின் இடையே அசையாது கிடத்துக. முதுகின் தட்டையான இடத்திற் குறுக்காகச் சிறு ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்குமாறு மணற்பைகளைச் சரிசெய்க. முதுகு உருண்டையாயின், காடியிற் பொருந்தி நிற்கும் வளையத்தின் அடிப்பகுதியில் வைக்கலாம். கட்டையின்மேல் மட்டம் பார்த்தல் பயனற்றது. மரம் கடைந்த வளைவுக்கும் சுடுகுழலுக்கும் தொடர்பில்லை.

பின்னர் எதிரே 10 மீட்டரிலோ அதற்கு அப்பாலோ ஒரு தூக்குநூலைத் தொங்கவிடுக. செட்டிநாட்டு வீடு இதற்கென்றே கட்டியது போன்றது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்து, ஒரு தெருவில் முன்வாயிலும் அடுத்த தெருவிற் பின்வாயிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள் காரைக்குடிப் பக்கத்திற் பல உள. முன்வாயிலில் நின்றார்க்குப் பின்வாயில் நேரே தோன்றும். அவ்வாயில்களை ஒரு கோட்டில் நிறுத்திய கொத்தனாரின் தூக்குக்குண்டே நமக்கும் போதுமானது. காற்றில் நூல் ஆடுமாயின், குண்டு ஒரு வாளி நீரில் அமிழ்ந்திருக்குமாறு செய்க. ஆட்டம் அடங்கும். தொலைநோக்கி அண்மைப் பொருளைத் தெளிவாகக் காட்டாதாயின் நூலை இன்னும் சேய்மையில் மாட்டலாம். இனித் தொலைநோக்கியின் வழியே நோக்கி, அதன் உடலை மெல்லத் திருப்பி, நின்ற இழை நூலோடு ஒன்றுமாறு செய்க. நூல் நிலவுலகின் நடுவை நோக்கி நிற்பது. ஆதலின் அதனினும் நேரிய அளவுகோல் வேறில்லை. இவ்வேலைக்குக் குண்டு வேண்டாம் என்பதையும், வழியில் எவரும் நடவாதவாறு வீட்டாருக்கு முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

அதன்பின் திருகுகளை இறுக்குக. ஒரு திருகை முற்ற முறுக்கிவிட்டு மற்றதற்குச் செல்லுதல் தவறு. ஒவ்வொன்றையும் கால்சுற்று வீதம், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். வளையத்தின் இருபுறத்து இடைவெளியும் ஒத்திருத்தல் வேண்டும். இறுக்குங்காலையே தொலைநோக்கி சிறிது சுழன்றுவிடும் ஆதலின், இடையிடையே நூலை நோக்கிச் சரிபார்க்க வேண்டும். முறுக்கு விசை 2 நியூட்டன் மீட்டருக்கு மேற்படின் உடற்குழாய் நசுங்கும். விசையளக்கும் திருப்புளி இல்லாதார், சிறு சாவியின் குட்டைக்கையை இருவிரலாற் பிடித்து இறுக்குதலோடு நிற்பாராக.

இறுதியில் குறி திருத்துதல். பழந்துணியை நெருக்கித் திணித்த பெட்டியில் தாளை ஒட்டி, அதன் பின்னே மண்மூட்டைகளை அடுக்குக. கல்லிலும் இரும்பிலும் பட்ட ஈயக்குண்டு திரும்பிவந்து கண்ணைக் கெடுக்கும். கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிதல் வேண்டும். 10 மீட்டரிலிருந்து ஐந்து குண்டுகள் சுட்டு, அவற்றின் நடுவிடத்தைக் கண்டு, அதற்குத் தக்கவாறு திருகைத் திருப்புக. ஒரு குண்டைக் கண்டு திருப்புதல் பேதைமை. பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை எனப்படும். பல தொலைநோக்கிகளில் ஒரு சொடுக்குக்குக் குறி கால் கலை நகரும். 10 மீட்டரில் அஃது ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். ஆகவே குண்டுகள் 15 மில்லிமீட்டர் தாழ்ந்து பட்டிருப்பின், 20 சொடுக்கு உயர்த்துதல் வேண்டும்.

தொலைநோக்கி இருந்தாற்றான் குறி வாய்க்கும் என்று ஒருவரும் எண்ணற்க. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் பங்குபெறும் ஒலிம்பிக்கு 10 மீட்டர்க் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அதற்கு இடமில்லை. சிறுதுளை வழியே நோக்கியே, அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள நடுப்புள்ளியை நாடிச் சுடுகின்றனர். பயிற்சி செய்யும் வேலையைக் கண்ணாடி செய்துவிடாது.

மற்றொன்று. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி, 20 ஜூல் ஆற்றலுக்கும் 4.5 மில்லிமீட்டர்த் துளைவிட்டத்துக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை. உரிமம் வேண்டாமையைக் கொண்டு எதையும் சுடலாம் எனச் சிலர் கருதுகின்றனர். மரத்திலிருக்கும் புறாவும் கண்மாயில் மேயும் கொக்குமே அவர்க்குக் குறியாகின்றன. பறவைகளை வேட்டையாடுதல் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாற் குற்றம். சட்டத்தினும் மேலான சான்றொன்று எம் மாவட்டத்திலேயே உளது. திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977ஆம் ஆண்டிற் பறவைப் புகலிடமாயின. சேய்நாட்டினின்று வந்து கூடுகட்டும் பறவைகள் வெருவுமே என்று அவ்வூரார் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. புத்தாடை உடுத்த சிறுவர் ஒரு பட்டாசுதானும் கொளுத்தாது பண்டிகை கொண்டாடும் அவ்வூருக்கு அணித்தே, விளையாட்டின் பெயரால் ஒரு நாரையை வீழ்த்துவோன் தன் குறித்திறத்தை எவரிடம் சென்று புகழ்ந்து கொள்வான்?

ஆதலின், நம் கல்லூரி நண்பர்காள், துப்பாக்கியை மட்டப்படுத்துங்கள், தாளிற் குறிவையுங்கள், ஐந்து குண்டும் ஒரே துளையிற் புகுமளவும் பயிலுங்கள். கண்மாய்ப் பக்கம் செல்லுங்கால் அத்தொலைநோக்கியைத் துப்பாக்கியினின்று கழற்றி எடுத்துச் செல்லுங்கள். நாரை தன் குஞ்சுக்கு இரையூட்டும் காட்சி அதில் மிகத் தெளிவாய்த் தெரியும்.