சாவி கைமாறிய பிறகு: புறநகர்ப் பெருங்கடைகளும் வாகன நிறுத்தமும்

புறநகர்ப் பெருங்கடைகளின் முன் சாலை அடைபடப் பல சமயம் காரணமாவது, வாசலை ஒட்டியே போடப்படும் டோக்கன் தடுப்புதான். ஒரு காருக்கு 20 நொடி பிடித்தால் ஒரு வழியில் மணிக்கு 180 கார்களே உள்ளே போகும். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளிலும் அதற்கு மேல் வருபவை சாலையில்தான் நிற்கும். தடுப்பைப் பத்து கார் நீளம் உள்ளே தள்ளிப் போட்டாலே வரிசையில் பெரும்பகுதி கடையின் மனைக்குள் அடங்கிவிடும், செலவும் அதிகமில்லை.

தளப்பரப்புக்கு ஏற்ப வாகனங்களுக்கு இடம் விடவேண்டும் என்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன் நிபந்தனை. வரைபடத்தில் பார்க்கிங்காகக் காட்டிய கீழ்த்தளம் சரக்குக் கிடங்காக மாறியிருந்தால் அது விதிமீறல். சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சிஎம்டிஏவிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ புகார் செய்யலாம். அனுமதி விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு.

கடைக்குள் இடமில்லாமல் நடைபாதையில் வண்டியை விட்டால் அபராதம் ஓட்டியவருக்கே. செக்யூரிட்டி கைகாட்டிய இடம் என்பது போலீசாரிடம் செல்லாது.

கட்டணத்துக்கு நாடு முழுவதற்குமான ஒரே விதி இல்லை. தெலங்கானா அரசு 2018-இல் பிறப்பித்த ஆணைப்படி வணிக வளாகங்களில் முதல் 30 நிமிடம் இலவசம். பொருள் வாங்கிய பில் இருந்தால் ஒரு மணி நேரம் வரை கட்டணமில்லை.

பலர் ஏமாறுவது டோக்கனின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ‘வாகனம் உரிமையாளர் பொறுப்பு’ என்ற வரியில். 1998-இல் டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து விடப்பட்ட மாருதி ஜென் களவுபோனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சாவியைப் பெற்றுக்கொண்டவர் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி உரிய கவனத்தோடு வண்டியைக் காக்கக் கடமைப்பட்டவர், கவனக்குறைவு இல்லை என்று மெய்ப்பிப்பதும் அவர் பொறுப்பு, அச்சடித்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பானது. ஹோட்டல் வழக்குதான், ஆனால் வாலே பார்க்கிங் நடத்தும் கடைக்கும் இதே தர்க்கம் பொருந்தும். சாவி உரிமையாளரின் பையிலேயே இருந்தால் நிலைமை வேறு: கடையின் அலட்சியத்தை அவர்தான் காட்டவேண்டியிருக்கும். கட்டண ரசீது அப்போது கைகொடுக்கும்.

வண்டி காணாமலோ சேதமாகியோ போனால் டோக்கனைத் திருப்பித் தருமுன் படம் எடுத்து, மேலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, கேமரா பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேட்பது நல்லது. களவென்றால் காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்கவேண்டும். தாமதம் இழப்பீட்டுக்கே உலை வைக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக்கட்டணம் கிடையாது. பார்க்கிங் கட்டணம் அந்த எல்லையைத் தொடவே போவதில்லை.