ஒரு டீக்கு ஒன்பது கிலோமீட்டர்

மாலை ஐந்தே முக்கால் மணி. டவுன் பஸ் ஸ்டாண்டின் கடைசி மூலையில் ஒரு டீக்கடை. கல்லூரி விட்டு வந்த நான்கு மாணவர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் கண்ணாடி கிளாஸ், பேப்பர் துண்டில் ஆளுக்கொரு உளுந்த வடை. அவர்கள் ஊருக்குப் போகும் பஸ் எதிரிலேயே நின்றது, கிளம்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான்கு பேருமே காலனிப் பிள்ளைகள்.

“இங்க டீ பதினஞ்சு ரூபா. ஊருக்குப் போனா பத்து ரூபாதானே, அங்க போய்க் குடிக்கலாம்ல?” என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

“ஊர்ல நின்னுக்கிட்டே குடிக்கணும்ணே. இங்க உக்காந்து குடிக்கலாம்” என்றான் ஒருவன்.

ஊருக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஒன்பது கிலோமீட்டர். உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதற்கு இந்தப் பிள்ளைகள் அத்தனை தூரம் வர வேண்டியிருக்கிறது.

எங்கள் தாத்தா காலத்தில் கொட்டாங்குச்சி. அப்பா காலத்தில் அலுமினிய டம்ளர். கடைக்கு வெளியே வேப்பமரத்தில் அடித்த ஆணியில் அது தொங்கும். நாமே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும், மாஸ்டர் கை படாமல் மேலிருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு மறுபடியும் கழுவி ஆணியில் மாட்ட வேண்டும். காசைத் தரையிலோ பலகையிலோ வைத்துவிட வேண்டும். உள்ளே பெஞ்சில் கண்ணாடி கிளாசில் குடிப்பவர்களுக்கும் அதே பாய்லர், அதே பால், அதே தூள். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அந்த டம்ளரை எடுக்க எம்பினேன், எட்டவில்லை. அப்பா எடுத்துக் கொடுத்தார். அந்த டம்ளரின் விளிம்பில் இருந்த நசுங்கல் இன்றைக்கும் என் உதட்டுக்குத் தெரியும்.

இப்போது ஆணியும் இல்லை, அலுமினிய டம்ளரும் இல்லை. எங்காவது போய் “உங்க ஊர்ல இரட்டைக் குவளை இருக்கா?” என்று கேட்டால், “அதெல்லாம் அந்தக் காலம்” என்பார்கள். கடைக்குப் போய் அரைமணி நேரம் சும்மா நின்று பாருங்கள். பெஞ்சில் இருப்பவருக்குக் கண்ணாடி கிளாஸ் போகும். காலனியிலிருந்து வருபவர் வாயைத் திறக்கும் முன்பே மாஸ்டர் கை பேப்பர் கப்புக்குப் போகும். கேட்டால் சுத்தம், சுகாதாரம், கொரோனா என்று காரணம் வரும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு வேலைக்கு அது எப்படியோ கிடைத்துவிடுகிறது.

சில ஊர்களில் கலெக்டர் ஆபீஸுக்கு மனு போனதும் எல்லோருக்குமே பேப்பர் கப் என்று மாற்றிவிட்டார்கள். கணக்குப்படி அது சமத்துவம்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காலனிக்காரர் வாய்வைத்த கிளாசில் நான் குடிக்கமாட்டேன் என்பவரின் பிடிவாதத்துக்காகக் கடையிலிருந்த கிளாஸ் அத்தனையையும் பரணில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். பெஞ்சு அப்படியேதான் இருக்கிறது. அதில் யார் உட்காரலாம் என்பதும் அப்படியே.

சட்டம் என்ன சொல்கிறது? மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அரசியலமைப்பின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 15வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. கடை, உணவு விடுதி, ஓட்டல் ஆகியவற்றுக்குள் போவதை ஜாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்று அது பெயர் சொல்லியே கூறுகிறது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4வது பிரிவில் ஓட்டலில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆணியில் தொங்கிய அந்த டம்ளர் சட்டம் எழுதியவர்களின் கண்ணிலும் பட்டிருக்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை, அபராதம் 100 முதல் 500 ரூபாய் வரை.

அடுத்து 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், கடைக்குள் நுழைவதைத் தடுப்பதும் பொதுவில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் செய்வதும் 3வது பிரிவுக்குள் குற்றமாகச் சேர்க்கப்பட்டன. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். “அவர் என்ன ஜாதின்னு எனக்குத் தெரியாது” என்று தப்பிக்கவும் வழி அடைபட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால், ஜாதியும் தெரிந்திருந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மூன்று தலைமுறையாக ஒரே ஊரில் டீ ஊற்றுகிறவர் வேறென்ன சொல்ல முடியும்? புகார் சொல்ல 14566 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வன்கொடுமைச் சட்டம் பட்டியல் வகுப்பைச் சேராதவர் செய்தால்தான் பாயும். குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அந்த வரம்பு இல்லை. பட்டியல் வகுப்பிலேயே இன்னொரு பிரிவாரின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்குகிறவர்கள் நம்மிடமும் உண்டு. அருந்ததியர் தெருக்காரரிடம் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

சட்டம் இவ்வளவு இருந்தும் ஏன் புகார் வருவதில்லை? அந்தக் கடையில் நமக்குக் கணக்கு நோட்டு இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரின் கிணற்றிலிருந்துதான் நம் குத்தகை வயலுக்குத் தண்ணீர் வருகிறது. கரும்பு வெட்டுக்கு ஆள் கூப்பிடுவதும் அவசரத்துக்கு வட்டிக்குக் கொடுப்பதும் அவரே. ஒரு கிளாஸ் டீயைக் கேட்டால் இத்தனையும் ஆட்டம் காணும். கடைக்காரர் பாடும் சுலபமில்லை. பல ஊர்களில் அவரும் ஏழைதான், எண்ணிக்கையில் சிறிய ஜாதிக்காரர்தான். “எனக்கென்னய்யா, நீ கிளாஸ்ல குடி. நாளைக்கு அவுக வரலைன்னா என் அடுப்பு எரியுமா?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். அவர் பயம் நிஜம். அந்தப் பயத்துக்குக் காலனிக்காரர் விலை கொடுக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அதிகாரிகள் நினைத்தால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியே வந்தது. விசாரிக்கப் போன கலெக்டரும் எஸ்.பி.யும் இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதை நேரில் கண்டறிந்தார்கள். கடைக்காரர் மீது வழக்கு பாய்ந்தது. அன்றே பட்டியல் வகுப்பு மக்களைக் கலெக்டர் கோயிலுக்குள்ளும் அழைத்துப் போனார். தொட்டிக்காகப் போகாமல் இருந்திருந்தால் அந்த டம்ளர் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அதே ஆண்டு செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்கப்போன பள்ளிப் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்கு எதுவும் தரக் கூடாது என்று கடைக்காரர் சொன்னார். அதை அவர்களே வீடியோ எடுத்துப் பரப்பினார்கள், அவ்வளவு தைரியம். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழைய நீதிமன்றம் தடை போட்டது. வன்கொடுமைச் சட்டத்தின் 10வது பிரிவில் இப்படி ஒரு அதிகாரம் இருப்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் கேட்டது மிட்டாய்.

இது நேற்று தொடங்கிய சண்டையும் அல்ல. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தது 1924இல். ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்களுக்கென்று இருந்த தனி இடம் 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் பெயர்ப் பலகையிலிருந்த ஜாதிப் பெயரை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். ராமநாதபுரம் சீமையில் இரட்டைக் குவளைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய இம்மானுவேல் சேகரன் அதே 1957இல் பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

பெயர்ப் பலகை என்றதும் ஒன்று. இன்றைக்கும் எந்த டவுனில் நடந்தாலும் ஐயர் மெஸ், நாடார் மெஸ், கவுண்டர் மெஸ், தேவர் ஓட்டல் என்று பலகைகளைப் பார்க்கலாம். ருசிக்கு அடையாளம் என்கிறார்கள். அப்படியானால் பறையர் மெஸ், சக்கிலியர் ஓட்டல் என்று ஏன் ஒரு பலகைகூட இல்லை? நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கும் குடல் வறுவலுக்கும் ருசி குறைவா? தாட்கோ மூலம் முதலமைச்சரின் ஆதிதிராவிடர் சமூக பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் மானியம் கிடைக்கிறது. அதை வாங்கி ஓட்டல் வைத்த ஒருவரைச் சந்தித்தேன். கடை டவுனில், பலகையில் சாமி பெயர். “ஊர்ல வச்சா நம்ம தெரு மட்டும்தான் வரும். இங்கயும் யாரு நடத்துறான்னு தெரியாத வரைக்கும்தான் யாவாரம்” என்றார். பரோட்டா அருமையாகப் போடுகிறார், சால்னா அதைவிட அருமை. கடை எங்கே என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

டவுனிலும் முழு விடுதலை கிடைத்துவிடவில்லை என்பதை அந்த நான்கு மாணவர்களும் சொன்னார்கள். பரோட்டாக் கடையிலோ டீக்கடையிலோ பக்கத்தில் உட்காரும் பெரியவர் பிரியமாகத்தான் ஆரம்பிப்பார். “எந்த ஊரு தம்பி?” ஊர் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: “ஊர்ல எந்தப் பக்கம்?” அந்த இடத்தில் சாப்பாடு தொண்டையில் நிற்கும். அவர்களில் ஒருவன் பஸ் ஸ்டாப் பக்கம் என்று சொல்லிவிடுவானாம். இன்னொருவன் பக்கத்து ஊர் பெயரைச் சொல்வான். அமெரிக்காவில் படித்துத் திரும்பி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கர், தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கியிருந்தார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து விரட்டினார்கள். நூறு வருடம் கழித்து நம் பையன் ஒரு பரோட்டாவுக்காகப் பக்கத்து ஊர் பெயரைச் சொல்கிறான்.

அவர்களிடம் ஒரு கதை சொன்னேன். 1960 பிப்ரவரி 1ஆம் தேதி, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் ஒரு கடைக் கவுண்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். தரவில்லை. கடை அடைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலரோடு வந்து உட்கார்ந்தார்கள். ஜூலை மாதம் அந்தக் கவுண்டர் எல்லோருக்கும் திறந்தது. கேட்டுவிட்டு ஒருவன், “அவுக ராத்திரி தூங்கப் போன இடம் அதே ஊர் வயக்காட்டுக்குள்ள இல்லைலண்ணே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. ஜனவரி 30 அன்று அரசு அலுவலகங்களில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கலெக்டர் தலைமையில் கூட வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் முன்னறிவிப்பில்லாமல் காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு கிராமத்து டீக்கடையில் போய் நிற்கலாம். ஜீப்பை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஜீப் சத்தம் கேட்டால் எல்லா டம்ளரும் ஒரே ஜாதியாகிவிடும்.

போன பொங்கல் லீவில் நடந்தது இது. நர்சிங் படிக்கும் ஒரு பெண், அப்பாவோடு ஊர் டீக்கடைக்குப் போயிருக்கிறாள். பேப்பர் கப்பை நீட்டியதும், “எனக்கும் எங்கப்பாவுக்கும் கிளாஸ்ல குடுங்கண்ணே” என்றிருக்கிறாள். கடைக்காரர் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் யாரும் எதுவும் சொல்லவில்லை. கிளாசில் ஊற்றினார். அவ்வளவுதான் நடந்தது. அவள் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அந்த வாரம் அப்பாவைக் கரும்பு வெட்டுக்குக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் கூப்பிட்டார்கள், ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

நான் பார்க்கப் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். “இப்பவும் கிளாஸ்லதான் தர்றானா?” என்றேன்.

“தர்றான். ஆனா நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பெஞ்சுல ஒருத்தரும் பேச மாட்டேங்கறாக. டீ இறங்க மாட்டேங்குதுப்பா.”

“அப்ப போறதில்லையா?”

“வாரத்துல ரெண்டு நாளு போறேன். வேண்டாம்னுதான் தோணுது. விட்டா மறுபடி அந்தக் கப்பு வந்துரும்ல.”